பழைய கெப் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின்? வாங்குமுன் அறியும் முறை



கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் வயலும் மரக்கறித் தோட்டமும் செய்வோர் பலர், தம் விளைவைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்ல இப்பொழுது விரும்புகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. காலையிற் பறித்த பாகற்காயும் பயற்றங்காயும் அன்றைக்கே அவிசாவளைக்கோ பேலியகொடைக்கோ போய்ச் சேருமாயின், பிறருடைய லொறி வரும்வரை பாதையோரத்தில் மூடைகளுடன் காத்து நிற்க வேண்டியதில்லை. ஆயினும், இதற்கென வாங்கப்படும் வண்டி பெரும்பாலும் பழையதாகவே இருக்கின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே மீளத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் 20, 30 வருடம் ஓடிய வண்டிகளும் கைமாறின; அவற்றின் விலையும் ஏறியது. அவ்வளவு காலம் ஓடிய வண்டிகளுட் பல, முதலில் வந்த எஞ்சினோடு இன்று இல்லை.

எமது பிரிவில் ஒரு கமக்காரருக்கு நேர்ந்ததை இங்கே கூறுதல் பொருந்தும். அவர் பாகல் செய்கையின் வருவாயையும் மனைவியின் நகையை அடகுவைத்த பணத்தையும் சேர்த்து, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினார். “மூன்று எல் எஞ்சின்தான் ஐயா, பாரம் ஏற்றி எங்கும் போகலாம்” என்று விற்றவர் சொன்னார். அதற்குரிய விலையையும் பெற்றுக்கொண்டார். நான்காம் மாதத்தில் எஞ்சின் கொதித்து, தலைக் கேஸ்கட் எரிந்தது. 3 எல் எஞ்சினுக்குரிய கேஸ்கட்டைக் கொழும்பிலிருந்து வருவித்து வைத்துப் பார்த்தபொழுது, அதன் வளையங்கள் சிலிண்டர் வாயைவிட 4 மில்லிமீற்றர் அகன்றிருந்தன. வண்டியில் இருந்தது 2 எல் எஞ்சின். சரியான உறுப்பு வந்து சேரப் பதினொரு நாட்கள் சென்றன. அப்பதினொரு நாட்களும் பாகற்காய் கொடியிலேயே பழுத்து மஞ்சளாயிற்று. நட்டம் அத்துடன் முடியவில்லை. வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற முயன்றபோது, பதிவிலுள்ள எஞ்சின் இலக்கமும் வண்டியிலுள்ள இலக்கமும் ஒவ்வாமையால் அவ்வேலையும் தடைப்பட்டது.

வாங்குமுன் அரை மணி நேரம் செலவிட்டிருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது. அந்த அரை மணி நேரத்தில் எதைப் பார்த்தல் வேண்டும் என்பதே இப்பிரசுரத்தின் பொருள்.

ஒரே தோற்றம், வேறு எஞ்சின்

டொயோட்டாவின் எல் வரிசை டீசல் எஞ்சின்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எல், 2 எல், 3 எல், 5 எல் என்பன வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பியரைப் போன்றவை. வேறுபாடு உள்ளே இருக்கின்றது. 2 எல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 92 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமும் 92 மில்லிமீற்றர். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 2446 சீசீ. 3 எல் எஞ்சினில் இவ்விரு அளவுகளும் 96 மில்லிமீற்றர். ஆகவே 2779 சீசீ. 5 எல் எஞ்சினில் விட்டம் மட்டும் 99.5 மில்லிமீற்றராக அகன்று 2986 சீசீ ஆகின்றது. பழைய எல் எஞ்சின் 2188 சீசீ மாத்திரமே. எஞ்சினின் தலையைக் கழற்றாமல் இவ்வளவுகளை அளக்க இயலாது. வண்டி விற்பவர் எவரும் தலையைக் கழற்ற இடங்கொடார், நாமும் கேட்பதற்கில்லை.

பிற கம்பனிகளின் வண்டிகளும் இவ்வாறே. இசுசுவின் 4 ஜே.ஏ. 1, 4 ஜே.பி. 1 ஆகிய இரண்டிற்கும் சிலிண்டர் விட்டம் 93 மில்லிமீற்றரே. பிஸ்டன் ஓட்டம் முதலாவதில் 92, இரண்டாவதில் 102. ஒன்று 2499 சீசீ, மற்றையது 2771 சீசீ. மிட்சுபிஷியின் 4 டி 55, 4 டி 56 என்பனவும் அவ்வகையே: விட்டம் இரண்டிலும் 91.1 மில்லிமீற்றர், ஓட்டம் 90 அல்லது 95. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இவற்றிடையே பேதம் தெரியாது.

வெளித்தோற்றத்தை நம்புதல் பற்றிக் கித்துல்கல மக்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1957 இல் வெளியான குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய திரைப்படத்தில் உலகம் சீயத்து ஆறென்று கண்டது நமது களனி கங்கையையே அன்றோ!

இன்னொரு குழப்பம் விற்பனையாளரின் வாய்ச்சொல்லில் உள்ளது. “மூன்று லீற்றர் எஞ்சின்” என்பார்கள். 5 எல் எஞ்சின் 2986 சீசீ, 1 கே.டி. எஞ்சின் 2982 சீசீ. தாளில் 4 சீசீ வித்தியாசந்தான். ஆனால், 5 எல் என்பது டர்போ இல்லாத பழைய முறை எஞ்சின். அதன் டீசல் பம்ப் பற்சக்கரத்தாலும் விற்சுருளாலும் இயங்குவது. நம்மூர்க் கராஜிற் பழுது பார்க்கத்தக்கது. 1 கே.டி. எஞ்சினோ டர்போவும், மிகை அழுத்தத்தில் டீசலைத் தேக்கும் பொதுக் குழாயும், மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர்களும் உடையது. அதன் வலு மிகப் பெரிது. ஆயின் ஓர் இன்ஜெக்டர் பழுதானாற்கூட அதனைப் பரிசோதிக்கும் கருவி உள்ள இடத்துக்கே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். “இரண்டரை லீற்றர்” என்பதும் அவ்வாறே. 2 எல் எஞ்சின் 2446 சீசீ, 2 கே.டி. எஞ்சின் 2494 சீசீ, நிசானின் டி.டி. 25 எஞ்சினும் 2494 சீசீ. ஆகவே, லீற்றர்க் கணக்கு எஞ்சினின் பெயர் ஆகாது. பெயரைக் கேட்டறிதல் வேண்டும். கேட்டறிந்ததைக் கண்ணாற் காணுதல் வேண்டும்.

மூன்று சாட்சிகள்

எஞ்சின் எது என்பதற்குச் சாட்சி மூன்று: பதிவுச் சான்றிதழ், வண்டியின் தகடு, எஞ்சினின் உடல். இம்மூன்றும் ஒன்றையே சொல்லுதல் வேண்டும்.

முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நிழற்படப் பிரதி போதாது. மூலப் பத்திரத்தையே காண வேண்டும். அதில் எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம் எனப்படும் சேசி இலக்கம், சிலிண்டர்க் கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதேனும் லீசிங் கம்பனியின் பெயர் உளதாயின், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே அக்கடன் தீர்ந்ததா என்று விசாரித்தல் நலம்.

இரண்டாவது, தகடு. வண்டியின் பொனட்டைத் திறந்தால், உள்ளே ஓட்டுநர் பகுதியைப் பிரிக்கும் சுவரில் அல்லது அதற்கு அண்மையில், கம்பனி பொருத்திய சிறு உலோகத் தகடு ஒன்று காணப்படும். டொயோட்டா வண்டிகளின் தகட்டில் மொடல், எஞ்சின், சீசீ என்னும் வரிகள் உள்ளன. மொடல் வரியின் முதலெழுத்துக்களே நமக்கு வேண்டியவை. ஹைலக்ஸ் வண்டியில் எல்.என். என்று தொடங்கினால், அது எல் வரிசை டீசல் எஞ்சினோடு பிறந்தது. கே.யூ.என். என்றால் கே.டி. டீசல். ஆர்.என்., வை.என். என்றால் பெற்றோல் எஞ்சினோடு பிறந்தது. சப்பானிற் பாவித்துப் பின் இங்கு வந்த வண்டிகளின் சேசி இலக்கமும் இவ்வெழுத்துக்களுடனேயே தொடங்கும். வை.என். என்ற வண்டியின் உள்ளே டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால், அது இடையில் மாற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

தகடு சொல்வது வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் நிலைமையை. அதன்பின் நடந்தது அதற்குத் தெரியாது. தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் புதியனவாகவோ, தகட்டைச் சுற்றிய வர்ணம் வேறாகவோ இருப்பின் தகடே இடம் மாறியிருக்கலாம்.

மூன்றாவது சாட்சியே முதன்மையானது. எஞ்சினின் உடல், அஃதாவது சிலிண்டர்கள் அமைந்துள்ள பெரிய இரும்பு வார்ப்பு, தன் பெயரைத் தானே தாங்கியுள்ளது. இதில் இருவகை எழுத்துக்கள் உண்டு; இவற்றை வேறுபடுத்தி அறிதல் அவசியம். ஒன்று, வார்க்கும்போதே இரும்போடு இரும்பாக மேலெழுந்து நிற்கும் புடைப்பெழுத்து. எல் வரிசை எஞ்சின்களின் பக்கத்தில் 2 எல், 3 எல் என்று பெரிதாக இவ்வாறு வார்க்கப்பட்டிருக்கும். மற்றையது, சிறு தட்டையான பரப்பில் உளியடித்தாற்போல் உள்ளிறங்கிப் பதிந்திருக்கும் இலக்கம். இதுவே பதிவுச் சான்றிதழில் எழுதப்படும் எஞ்சின் இலக்கம். டொயோட்டாவில் இவ்விலக்கத்துக்கு முன்னாலும் எஞ்சினின் பெயர் இருக்கும். அடித்த இலக்கத்தை அழித்துத் திரும்ப அடிக்கலாம். வார்த்த எழுத்தை மாற்றுவது எளிதன்று. அடித்த இலக்கத்தின் தொடக்கம் 3 எல் என்றும், வார்த்த எழுத்து 2 எல் என்றும் இருக்குமாயின், அவ்வண்டியை விட்டு விலகிவிடுங்கள்.

எஞ்சினின் மேல்மூடியில் உள்ள எழுத்தையோ, காற்றுவடிப் பெட்டியில் ஒட்டிய தாளையோ சாட்சியாகக் கொள்ளலாகாது. மேல்மூடி சில ஆணிகளைக் கழற்றினால் வேறோர் எஞ்சினுக்குப் போய்விடும். தாள் ஒட்டுவதற்குச் சாமர்த்தியமே வேண்டாம்.

பார்க்கும் முறை

எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில், காலையிற் செல்லுங்கள். “இப்போதுதான் ஓடி வந்தது” என்று சூடாக நிறுத்தி வைத்திருப்பாராயின், ஆறும்வரை பொறுங்கள். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்திற் கை விடுதல் கூடாது. குளிர்ந்த எஞ்சினை முதன்முறை இயக்கும்போது எழும் புகையையும் ஓசையையும் பார்க்கும் வாய்ப்பு மேலதிக இலாபம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்த பின்னரே கீழே குனிதல் வேண்டும்.

நமது பகுதியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தோட்டப் பாதைச் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து எஞ்சினின் பக்கத்தில் ஒரு மேலோடாகவே படிந்திருக்கும். ஆதலால் கையில் ஒரு சிறு மின்சூள், பழந்துணி, மண்ணெண்ணெய் சிறிது, தேய்ந்த பல்துலக்கும் தூரிகை, ஒரு வெண்கட்டி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தட்டையான பரப்பைத் துலக்கி, துணியால் உலரத் துடையுங்கள். பின்பு வெண்கட்டியைக் கிடையாகப் பிடித்து மேலே தேய்த்தால் பரப்பு வெளுக்கும். அடித்த இலக்கங்கள் கருமையாகத் தோன்றும். இலக்கம் எஞ்சினின் உட்பக்கமாக இருந்தால் கண்ணாடியைத் தாழப் பிடித்து மின்சூளைப் பாய்ச்சலாம். ஆனால் கண்ணாடியில் எழுத்து இடம் வலமாகத் தெரியும் என்பதை மறவாதீர்கள். கைத்தொலைபேசியை இடைவெளியினுள் நீட்டிப் படம் எடுத்தல் இதனினும் இலகு. அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்கவே கூடாது. அது இலக்கத்தைச் சிதைக்கும்; பின்னொரு நாள் நீங்களே இலக்கத்தை அழித்தீர்கள் என்ற ஐயத்துக்கும் ஆளாவீர்கள்.

துலக்கிய பரப்பின்மேல் மெல்லிய தாளொன்றை வைத்து, பென்சிலின் பக்கத்தால் மெதுவாகத் தேய்த்தெடுங்கள். கண்ணால் வாசிக்கையில் 3 என்றும் 8 என்றும் மயங்கும் இலக்கம், தாளில் தெளிவாக விழும். இவ்வாறே சேசி இலக்கத்தையும் எடுத்தல் வேண்டும். ஹைலக்ஸ் வண்டியில் இது முன் வலச்சில்லுக்கு அருகே, நெடுஞ்சட்டத்தின் வெளிப்பக்கத்தில் அடிக்கப்பட்டிருக்கும். சில்லை வலப்புறமோ இடப்புறமோ முழுதாகத் திருப்பினால் காண்பது எளிது.

இலக்கம் திருத்தப்பட்டதா என்று எப்படி அறிவது? தொழிற்சாலையில் அடித்த இலக்கங்கள் பொதுவாக ஒரே உயரமும் ஒரே வடிவும் உடையவை. ஆயினும், ஓரிலக்கம் சற்றே கோணி நின்றது என்பதற்காக ஒருவரைக் கள்வன் என்று எண்ணிவிடலாகாது. நேர்மையான எஞ்சின்களிலும் அத்தகைய கோணல் உண்டு. கவனிக்க வேண்டியது இலக்கத்தின் அடிப்பரப்பையே. சுற்றிலும் வார்ப்பின் இயல்பான நிறமிருக்க, இலக்கம் உள்ள இடத்தில் மட்டும் அரைத்த கீறல்கள் ஓடினாலும், அப்பரப்பு குழிந்திருந்தாலும், புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தாலும் ஐயுறுக. பழைய இலக்கத்தின் நிழல் புதிய இலக்கத்தின் கீழ்த் தெரிவதும் உண்டு.

பண்ணைப் பாடசாலையில் நான் பயின்றபோது, உழவு இயந்திரப் பாடத்தின் முதல் நாளில் எங்களை எஞ்சினைத் தொடவே விடவில்லை. தகட்டையும் உடலையும் பார்த்து இலக்கங்களை எழுதி வருமாறு அனுப்பினர். பதினெட்டுப் பேரில் ஐவர் எழுதியதே சரியாக இருந்தது. நான் அவ்வைவருள் ஒருவனல்லன். ஆகவே, வாசித்ததை இரண்டாம் ஆள் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்து ஒப்பிடுங்கள். முடியுமாயின் உங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் கராஜ் பாஸை உடன் அழைத்துச் செல்லுங்கள்; விற்பவர் அறிமுகப்படுத்தும் பாஸை அன்று.

எஞ்சின் மாறியிருந்தால்

மாற்றப்பட்ட எஞ்சின் யாவும் திருட்டு எஞ்சின் என்று கொள்ளுதல் தவறு. முதல் எஞ்சின் தேய்ந்தபின், சப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சினைப் பொருத்துவது இந்நாட்டில் வெகு வழக்கம். நன்றாகப் பொருத்தப்பட்ட அத்தகைய எஞ்சின், களைத்துப்போன பழைய எஞ்சினிலும் மேலானது என்பதே என் கருத்து. கேட்க வேண்டியது இதுவே: எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு உண்டா? மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவிக்கப்பட்டுப் பதிவிற் சேர்க்கப்பட்டதா? சேர்க்கப்பட்டிருப்பின் புதிய இலக்கமும் கொள்ளளவும் சான்றிதழிலேயே காணப்படும். சேர்க்கப்படவில்லையாயின், அவ்வேலையை விற்பவர் தம் செலவில் முடித்துத் தந்த பின்னரே முழுப்பணத்தையும் கொடுத்தல் வேண்டும். “பிறகு செய்துகொள்ளலாம்” என்பதற்கு இணங்காதீர்கள். பற்றுச்சீட்டு அவர் கையில் இருக்கும். கடமை உங்கள் தலையில் விழும்.

பதிவும் எஞ்சினும் ஒவ்வாமை வெறும் காகிதக் குற்றம் என்று சிலர் எண்ணுகின்றனர். 2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்ததை நினைவுகூருங்கள். வண்டி இலக்கமும் சேசி இலக்கமும் கொடுத்தே பங்கீடு பெற வேண்டியிருந்தது. பதிவில் பெற்றோல் என்றிருக்க, வண்டியில் டீசல் எஞ்சின் வைத்திருந்தோருக்கு அந்நாட்களில் அது பெரும் இடராயிற்று. விபத்து நேர்ந்து காப்புறுதிப் பணம் கோரும்போதும் முதலில் ஒப்பிடப்படுவன இவ்விலக்கங்களே.

எந்த எஞ்சினை வாங்குவது என்று என்னை வினவுவோர் உளர். பாரத்தோடு நீங்கள் செல்லும் பாதையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கித்துல்கலவிலிருந்து அவிசாவளைப் பக்கம் விளைவை இறக்குவோருக்குப் பாதை இறக்கமானது. திரும்பும்போது வண்டி ஏறக்குறைய வெறுமையாக வரும். அவர்களுக்கு நல்ல நிலையிலுள்ள 2 எல் போதும். 3 எல் என்ற பெயருக்காக மேலதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. கினிகத்தேனை, ஹட்டன் பக்கமாகப் பாரத்தோடு ஏறுவோருக்கும், பசளையும் விதைநெல்லும் ஏற்றி மேட்டுத் தோட்டங்களுக்குச் செல்வோருக்கும் 3 எல் அல்லது 5 எல் எஞ்சினின் வேறுபாடு முதல் வளைவிலேயே தெரியும். சிறிய எஞ்சினை மேட்டில் வருத்தினால் அது கொதிக்கும். கொதித்த எஞ்சினின் தலை வளையும்.

எல் வரிசையில் எதனை வாங்கினாலும், அதன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ஏறத்தாழ 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அது மாற்றப்பட வேண்டியது. அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சினே நாசமாகும். விற்பவருக்கு நாள் தெரியாவிடின், மாற்றப்படவில்லை என்றே கொண்டு அச்செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். நிசானின் டி.டி. 27 எஞ்சினில் பெல்ட் இல்லை. பற்சக்கரமே அவ்வேலையைச் செய்கின்றது. “டைமிங் பெல்ட் புதிதாகப் போட்டது” என்று டி.டி. 27 வண்டியை விற்க வருபவருக்குத் தம் எஞ்சினைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வாங்கியபின், பென்சிலால் எடுத்த இரு தாள்களையும், எஞ்சின் பற்றுச்சீட்டு உண்டாயின் அதனையும், விற்றவர் கையொப்பமிட்ட உரிமைமாற்றப் பத்திரத்தின் பிரதியையும் பொலித்தீன் உறையிலிட்டு வீட்டில் வையுங்கள். வண்டியின் பெட்டியில் வைத்தல் கூடாது. கராஜுக்கு உறுப்பு வாங்க ஆளனுப்பும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் இலக்கம் எடுத்த தாளின் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்புங்கள். மாற்று உறுப்புக் கடைக்காரர் “எந்த எஞ்சின்?” என்றே முதலிற் கேட்பார்.